ஐந்தாவது கேள்வி

போன் அடித்தபோது ஃபெம்கே காலணியில் ஒட்டியிருந்த தேங்காய் நார்த்தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள். பசுமைக்குடிலுக்குள் ஒரு சுற்று போய்வந்தால் அந்தத் தூள் எப்படியும் அலுவலகம் வரை கூடவே வந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே கண்ணாடிக் கூரைகள், மார்ச் மாத வெயிலில் ஒன்றையடுத்து ஒன்றாகக் கடல் பக்கம் வரை போயின. அவற்றின் அடியில் குடைமிளகாய்ச் செடிகள் ஆளுயரத்துக்குக் கயிற்றில் ஏறிக்கொண்டிருந்தன.

"நான்தான். நாளைக்கு வரமாட்டேன். உடம்பு சரியில்ல."

கிரைன் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. சரளைக்கல் மேல் சைக்கிள் போகிற மாதிரி இருந்தது குரல். 'தொண்டைக்கு என்னடா?' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஃபெம்கே அதை விழுங்கினாள். நெதர்லாந்தில் நோய் என்று விடுப்பு சொல்கிற ஆளிடம் முதலாளி தரப்பிலிருந்து யாரும் என்ன நோய் என்று கேட்கக் கூடாது. அதைக் கேட்கும் உரிமை கம்பெனி டாக்டருக்கு மட்டும்தான். அவரும் முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்லமாட்டார். ஊழியர் பிரிவைப் பார்த்துக்கொள்கிற ஃபெம்கே இதற்காகவே உட்ரெக்ட் நகரத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்தவள். கேட்கலாம் என்று சட்டம் விட்ட கேள்விகள் அவளுக்கு மனப்பாடம்.

"எத்தனை நாள் ஆகும்னு நினைக்கிற? உன் வேலைல எதை யார்கிட்ட விடணும்? எந்த நம்பர்ல பேசினா கிடைப்ப? வேலை செய்யறப்ப ஏற்பட்ட அடி ஏதாவதா?"

அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். தெரியாது. ஏழாம் நம்பர் குடிலை போஷெனாகிட்ட விடு. நம்பர் அதே நம்பர்தான். அடி எதுவும் இல்லை.

"அவ்வளவுதானா?" என்றான் கிரைன்.

"அவ்வளவுதான்."

"முப்பது வருஷப் பழக்கத்துக்கு நாலே நாலு கேள்வியா? மீன் கடைக்காரன் இதைவிட அதிகமா கேக்குறான், ஃபெம்."

அவள் சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்து இருமினான். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. போனில் அவன் மூச்சு கேட்டது. அந்த மௌனத்தை அவள் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அதை, பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

இருவரும் ஒரே கோடை விடுமுறையில், பள்ளிப் பிள்ளைகளாக, பெட்டியில் காய் அடுக்கும் வேலைக்கு வந்தவர்கள். நால்ட்வைக் சாலையில் சேர்ந்துதான் சைக்கிளில் வருவார்கள். கடலிலிருந்து எதிர்காற்று அடிக்கிற நாளில் கிரைன் முன்னால் போய்விடுவான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு அவள் மிதிப்பாள். 'முன்னால போகட்டுமா' என்று அவன் கேட்டதும் கிடையாது, 'நன்றி' என்று அவள் சொன்னதும் கிடையாது. தானாக எதையும் சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை அவன். மனைவி ஆலியின் முதல் பிள்ளை வயிற்றிலேயே போனதைக்கூட, 'ஏன்டா இப்படி இருக்க?' என்று ஃபெம்கே கேட்ட பிறகுதான், மதியச் சாப்பாட்டு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

அது அவள் ஊழியர் பிரிவுக்குப் போவதற்கு முந்தைய காலம்.

வசந்தம் போயிற்று. கம்பெனி டாக்டரிடமிருந்து வந்ததெல்லாம் ஒரே வரிதான்: இப்போதைக்கு வேலை செய்ய இயலாது. முதலாளி யோரிட் வாரம் ஒருமுறை அவள் அறை வாசலில் சாய்ந்து நிற்பான். அப்பாவிடமிருந்து தொழிலை வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது, முப்பத்திரண்டு வயது.

"முதுகா? மனசா? அதை மட்டும் சொல்லு. பேர் வேண்டாம்."

"எனக்கும் தெரியாது, யோரிட். தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்."

"சட்டப்படி ரெண்டு வருஷம் வரைக்கும் சம்பளம் கொடுக்கிறவன் நான். என்னன்னு தெரிஞ்சுக்க எனக்கு மட்டும் உரிமை கிடையாது. நல்லா இருக்கு கதை."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள். சொன்னபோது அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. யோரிட்டின் அப்பா காலத்தில், மனம் உடைந்து மருத்துவமனையில் கிடந்த ஒரு பெண்ணின் நோய் கேன்டீன் முழுக்கப் பரவி, அவள் திரும்பி வந்த அன்று யாரோ அவள் தட்டில் தூக்க மாத்திரை அட்டையை வைத்ததை ஃபெம்கே பார்த்திருக்கிறாள். அந்தப் பெண் அன்றைக்கே போய்விட்டாள். இந்தச் சட்டம் வீணாக வந்ததில்லை.

ஆகவே கேன்டீனில் கிரைன் பேச்சு எழுந்தால் ஃபெம்கே தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். ஆலியைக் கடையில் தூரத்தில் கண்டபோது பால் வரிசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் வீட்டுக்கும் போகவில்லை. தான் போய் நின்றால் வேவு பார்க்க வந்தது போல் ஆகிவிடும் என்று நினைத்தாள். கம்பெனி பேரில் ஒரு பழக்கூடையும், எல்லோரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்தட்டையும் அனுப்பினாள். திராட்சை நல்லதாக இருக்கட்டும் என்று கடைக்காரனிடம் இரண்டுமுறை சொன்னாள்.

அக்டோபரில் டாக்டர், 'காபிக்கு வரலாம்' என்றார். நோய் விடுப்பிலிருந்து திரும்புகிறவர்கள் முதலில் வேலைக்கு வருவதில்லை. காபி வேளைக்கு வந்து, மற்றவர்களோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். அந்த இடத்துக்குள் காலை வைத்துப் பழகத்தான் அது. ஃபெம்கே முந்தின நாளே எல்லோரிடமும் சொல்லிவைத்தாள்: கிரைன் வரும்போது சகஜமாக இருங்கள், ஏன் வரவில்லை என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.

கிரைன் தொப்பி போட்டு, கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றிக்கொண்டு வந்தான். கேன்டீன் வெக்கையாக இருந்தும் துண்டை அவிழ்க்கவில்லை. தாடை எலும்பு தெரிந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்த்த உடனே காபிக் கோப்பையைப் பார்த்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் பற்றிப் பேசினார்கள். பிஸ்கட் டப்பா வழக்கம்போல ஒரு சுற்று வந்து, ஆளுக்கு ஒன்று எடுத்ததும் மூடப்பட்டது. கிரைன் தன் பிஸ்கட்டைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியில் ஃபெம்கேயைப் பார்த்தான். அவள் புன்னகை செய்தாள். பயிற்சியில் சொல்லித்தந்த புன்னகை இல்லை அது, உண்மையானதுதான். ஆனாலும் அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

அப்போதுதான் போஷெனா கையுறையைக் கழற்றியபடி உள்ளே வந்தாள். போலந்துக்காரி, பத்து வருடமாக இங்கேதான் காய் பறிக்கிறாள். முந்தின நாள் விடுப்பில் இருந்ததால் ஃபெம்கே சொன்னது அவள் காதுக்கு எட்டியிருக்கவில்லை.

"ஐயோ கிரைன்! கயித்துல தொங்குற கொடி மாதிரி ஆயிட்டியே! என்ன ஆச்சு உனக்கு? எங்க வலி?"

கிரைன் கோப்பையைக் கீழே வைத்தான். கழுத்துத் துண்டின் முடிச்சில் கை வைத்து, வாயைத் திறந்தான்.

"போஷெனா," என்றாள் ஃபெம்கே, "இங்க அதெல்லாம் கேக்கக்கூடாது. அவனோட சொந்த விஷயம்."

"கேட்டா என்ன? எங்க ஊர்ல காய்ச்சல்னா தெருவே வந்து கேட்டுட்டுப் போகும்."

"உங்க ஊர்ல. இங்க இல்ல."

போஷெனா உதட்டைப் பிதுக்கினாள். கிரைனின் கை துண்டிலிருந்து மெல்ல இறங்கி மேசைக்கு வந்தது. திறந்த வாய் மூடிக்கொண்டது. அவனைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் ஃபெம்கே அந்த நிமிடம் நினைத்தாள்.

"காபி நல்லா இருக்கு," என்றான் அவன், அந்தச் சரளைக்கல் குரலில். கொஞ்ச நேரத்தில் எழுந்து போனான். பிஸ்கட் தட்டிலேயே இருந்தது. அதன்பிறகு அவன் காபிக்கு வரவில்லை.

ஜனவரியில், பனி உறைந்த ஒரு காலையில், ஃபெம்கே வழக்கமான பாதையில் சாலை வேலை நடந்துகொண்டிருந்ததால் கிரைன் வீட்டுத் தெரு வழியாக சைக்கிளைத் திருப்பினாள். அந்தத் தெருவில் யாரும் முன்னறைத் திரையை இழுத்துவிடுவதில்லை. கிரைன் வீட்டு ஜன்னலில் சோபா இருந்த இடத்தில் ஒரு கட்டில் நின்றது. சக்கரம் வைத்த, உயரமான, இரும்புக் கம்பிக் கட்டில். மாடி ஏற முடியாமல் கடைசி நாட்களைக் கழிக்கிறவருக்குத்தான் முன்னறைக்குக் கட்டில் வரும் என்று அந்த ஊரில் பிறந்த யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. அவள் சைக்கிளிலிருந்து இறங்கினாள். இறங்கியவள் நடக்காமல் நின்றாள்.

கதவைத் திறந்தது ஆலி. மெலிந்திருந்தாள். "வா," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஃபெம்கேக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அக்டோபர்ல, காபி குடிச்சுட்டு வந்த அன்னிக்கு ரொம்ப நேரம் சைக்கிள் கொட்டகையிலயே உக்காந்திருந்தான். 'இன்னிக்கு ஃபெம் கேப்பானு நினைச்சேன்'னு சொன்னான். அவ்வளவுதான் சொன்னான்."

"கேக்கக்கூடாது, ஆலி. நான் அந்த இடத்துல..."

"தெரியும். அவனும் அதையேதான் சொன்னான். அவ வேலை அப்படின்னு உனக்குப் பரிஞ்சுதான் பேசினான்."

முன்னறையில், கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் போஷெனா உட்கார்ந்திருந்தாள். மடியில் சூப் பாத்திரம், கையில் ஸ்பூன். வேலைக்குப் போகிற உடுப்பிலேயே இருந்தாள். எத்தனை நாளாக இப்படி வந்துபோகிறாளோ. ஃபெம்கேயைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டாள். ஒரு குத்தலாவது சொல்வாள் என்று ஃபெம்கே காத்தாள். போஷெனா பாத்திரத்தை மூடி, கிரைனின் தலையணையைச் சரிசெய்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

கிரைன் தூங்கவில்லை. கழுத்தில் துண்டு இல்லை. துண்டு இருந்த இடத்தில் ஒரு சிறிய குழாய், அதைச் சுற்றி வெள்ளைத் துணி. அவன் மூச்சு வாய் வழியாக வராமல் அதன் வழியாக வந்துபோனது.

ஃபெம்கே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மேல்கோட்டைக் கழற்றத் தோன்றவில்லை. மார்ச் மாதம் நாக்கு நுனியில் நின்ற கேள்வி இப்போதும் அங்கேயே இருந்தது. பதில் கண்முன் இருக்கிறது என்று தெரிந்தும், அதைச் சொல்ல அவனிடம் குரல் இல்லை என்று தெரிந்தும், அவள் கேட்டாள்.

"உனக்கு என்னடா ஆச்சு, கிரைன்?"

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணோரம் லேசாகச் சுருங்கியது. எதிர்காற்று நாளில் திரும்பி, அவள் பின்னால் வருகிறாளா என்று பார்க்கும்போது அப்படித்தான் சுருங்கும். போர்வைக்கு அடியிலிருந்து கையை எடுத்தான். நான்கு விரல்களை நிமிர்த்திக் காட்டினான். பிறகு, நேரம் எடுத்துக்கொண்டு, மடங்கியிருந்த கட்டைவிரலையும் விரித்தான்.

அன்று போனில் கேட்ட நான்கோடு இந்தக் கேள்வியையும் எண்ணுகிறானா, போதும் என்கிறானா, கையைப் பிடித்துக்கொள் என்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. விரிந்த கை அப்படியே நின்றது. ஜன்னலுக்கு வெளியே பசுமைக்குடில்களின் கண்ணாடியில் வெயில் ஏறி, அந்த வெளிச்சம் விரல்களின் நடுவே புகுந்து அவள் மேல்கோட்டின் மீது விழுந்துகொண்டிருந்தது.