துக்க வீட்டுக் கூஸ்கூஸ்

பதினோரு வருடம் ஓர் ஊரின் வெயிலைத் தாங்கி, அதன் தண்ணீரைக் குடித்து, அதன் சாவுகளுக்கு நடந்து போனவன் அந்த ஊரின் மைந்தனே. பிறந்த இடம் விபத்து, வாழும் இடமே விதி. துனீசியாவின் கெஃப் நகரத்திலிருந்து தன் பெல்ஜிய நண்பர்களுக்கு லீவன் டாம்ஸ் இப்படித்தான் எழுதுவார். எழுதும்போது பக்கத்தில் பாட்டில் தண்ணீர் இருக்கும். குழாய்த் தண்ணீர் அவருக்கு வயிற்றைக் கலக்கும்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். கோட்டைக்குக் கீழே படிக்கட்டுத் தெருவில் பழைய வீடொன்றை வாங்கி, கதவுக்கு நீலம் பூசி, வருவோர் போவோரிடமெல்லாம் "என் வீடு உங்க வீடு" என்று சொல்லிவைத்திருந்தார். அதை ஒருத்தி நம்பிவிட்டதுதான் வினை.

எதிர்வீட்டு விதவை ராபியாவின் ஒரே மகளுக்கு ஜூலையில் கல்யாணம். தெருவிலேயே பெரிய மொட்டைமாடி லீவனுடையது. ராபியா தன் கொழுந்தன், சலூன் வைத்திருக்கும் மோன்ஜியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"மாடிய அஞ்சு நாளைக்கு விடணும் மூஸ்யே. மேளம், பாட்டு, மைக்செட்டு, நானூறு பேரு. நீங்கதானே சொன்னீங்க, இது எங்க வீடுன்னு?"

"தூங்கணும்னா நம்ம கடைக்கு வந்துடுங்க மூஸ்யே," என்றான் மோன்ஜி. "நாற்காலி இருக்கு. தூங்கும்போதே சவரமும் பண்ணி விட்டுடுறேன்."

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரின் மைந்தன் எப்படி முடியாது என்பது? லீவனின் வாய் தானாகத் திறந்தது.

"நேத்து எங்கம்மா போயிட்டாங்க."

எண்பத்தேழு வயதான அந்த அம்மாள், அந்த நேரம் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தாள். ஜெயித்துக்கொண்டும் இருந்தாள்.

துக்க வீட்டு மாடியில் மேளம் கொட்ட மாட்டார்கள் என்பது வரைக்கும்தான் அவர் யோசித்தது. அந்தத் தெருவிலோ, துக்க வீட்டுக்கு எதிர்வீட்டிலும் மேளம் கிடையாது. துக்க வீட்டில் மூன்று நாள் அடுப்பும் எரியக் கூடாது. பதினோரு வருடச் சாவுகளுக்கு நடந்து போனவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நடந்தது உண்மைதான், தெருமுனை வரைக்கும்.

ராபியா மேளக்காரர்களை வேண்டாமென்று சொல்லி அனுப்பினாள். அன்று மாலையே அவள் வீட்டிலிருந்து கோதுமை ரவையை ஆவியில் அவித்த கூஸ்கூஸ் சோறு வந்தது, பின்னாலேயே இன்னும் ஏழு வீட்டுத் தட்டுகள். ஆட்டுக்கறி, கொண்டைக்கடலை, உச்சியில் பெரிய பூசணித் துண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் அவர். அவர்களோ அதைச் சோற்றின் மேலேயே வைத்துக் கொடுத்தார்கள். தின்னத் தின்ன அவருக்குக் கண்ணில் நீர் வந்தது.

"அழுங்க மூஸ்யே," என்றான் கூடவே உட்கார்ந்திருந்த மோன்ஜி. "யாராச்சும் கேட்டா மிளகாய்க் காரம்னு சொல்லிக்கலாம்."

அடுத்த வாரம் மணப்பெண் படியிறங்கிப் போனபோது செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. லீவன் சன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டார். அவர் விரும்பிய அமைதி அதுதான். அதில் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிட மூன்று தடவை ராபியா வீட்டுக் கதவைத் தட்டினார். மூன்று தடவையும் அவள் ஏதாவது ஒன்றைச் சாப்பிடக் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். வாய் நிறைய இருக்கும்போது எப்படிச் சொல்வது?

அக்டோபரில் அம்மா வருவதாகப் போன் செய்தாள்.

"வராதீங்கம்மா. இங்க தண்ணி சரியில்ல."

"நீதானேடா அந்தத் தண்ணியப் பத்திப் பக்கம் பக்கமா எழுதுற?"

வந்தே விட்டாள், சாக்லேட் டப்பாவோடு. வாசலிலேயே ராபியா பிடித்துக்கொண்டாள்.

"இது யாரு மூஸ்யே?"

"சித்தி. அம்மாவோட தங்கச்சி."

ராபியா கிழவியைக் கட்டிக்கொண்டாள். "அதே மூக்கு! தாயில்லாப் பிள்ளை, சித்தி. நீங்கதான் பாத்துக்கணும்."

"என்னடா சொல்றா?" என்றாள் அம்மா.

"எனக்கு உங்க மூக்காம்."

"பின்ன யார் மூக்கு இருக்கும்?"

ஒரு வாரம் இருந்தாள். தெருவே அவளுக்கு ஊட்டியது. கிளம்பும்போது, "இவங்களுக்கு உன் மேல இவ்வளவு பாசமா? நீ அப்படி என்னடா செஞ்ச?" என்று கேட்டாள். லீவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

பிப்ரவரியில் அவள் தூக்கத்திலேயே போய்விட்டாள். கென்ட்டுக்குப் போய் அடக்கம் செய்துவிட்டு நான்காம் நாள் திரும்பினார். படிக்கட்டில் ராபியா அவர் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"என்ன ஆச்சு மூஸ்யே?"

அம்மா என்ற சொல் உதடு வரைக்கும் வந்தது. ஆனால் அவள் ஏற்கெனவே போனவள். அவளுக்கான கூஸ்கூஸும் தின்று முடிந்திருந்தது. அவளுக்காக ஒரு கல்யாணமும் ஊமையாகியிருந்தது.

"சித்தி போயிட்டாங்க," என்றார்.

"அடப்பாவமே, நல்ல மனுஷி. ஆண்டவன் பொறுமையக் குடுக்கட்டும்."

சித்திக்கு மூன்று நாள் கணக்கு இல்லை. மறுநாள் மதியம் ராபியா வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. கொண்டைக்கடலையும் பூசணியும் இருந்தன. கறி இருக்கிறதா என்று லீவன் கரண்டியால் அடிவரை கிளறிப் பார்த்தார்.