களாச் செய்த வில்லைகள்

முனாஸ் சிகரட்டை விட்டது காலுக்காகத்தான். திருந்தி நல்ல மனிதனாகிவிட வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. அதற்கெல்லாம் எங்கே தெம்பு? இறக்காமத்துக்கும் கல்முனைக்குமாக நெல் லொறி ஓட்டிக் களைத்த மனிதர். அக்ஸிலேட்டரை மிதிக்கும் வலது காலின் பெருவிரலில் ஒரு புண் வந்தது. மருந்து கட்டிப் பார்த்தார், ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் கஜேந்தினி பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இரத்தம் கீழ இறங்குதில்ல ஐயா. சிகரட்டை விடாட்டி விரலோட நிக்காது, காலையே எடுக்க வேண்டி வரும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். காலில்லாத லொறி டிரைவரை வைத்து யார் என்ன செய்வது?

டொக்டர் எழுதிக் கொடுத்த நிக்கொட்டின் வில்லைகளைப் பாமசிக்காரர் பர்ஸான் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே படித்துப் படித்துச் சொன்னார்.

"முனாஸ் காக்கா, இது டொபி இல்ல. சப்பவும் கூடா, விழுங்கவும் கூடா. கன்னத்துக்குள்ள ஒதுக்கி வெச்சி அதுபாட்டுக்குக் கரைய விடுங்க. அரை மணித்தியாலம் செண்டாலும் செல்லட்டும். அதுக்குக் கொஞ்சம் முன்னுக்கும், வாய்க்குள்ள கிடக்கக்குள்ளயும் தேத்தண்ணி கோப்பி ஒண்டும் வேணாம். ஒரு நேரத்துக்கு ஒண்டுதான். பேரப்புள்ளைகள்ற கைக்கு எட்டாம வைங்க."

"ஓம், ஓம்" என்றார் முனாஸ். யார் என்ன சொன்னாலும் அவர் ஓம் என்பார். அது அவருடைய பழக்கம்.

ஆனாலும் ஆள் தாக்குப்பிடித்தார். எரிச்சல் வந்தது, தூக்கம் கெட்டது, நெல் ஏற்றப் போகும் ஆலையில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தார். இருந்தும் சிகரட்டைத் தொடவில்லை. மனைவி ஸைனம்பு அவருடைய சேர்ட்டை மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தோய்க்கப் போட்டாள். முப்பது வருடம் அந்தச் சேர்ட்டோடு சண்டை பிடித்தவள் பேசாமல் இருந்தாளே, அதுவே பெரிய காரியம்.

அப்போதுதான் நோன்பு வந்தது.

வில்லையை வாயில் போட்டால் நோன்பு முறியும். எனவே பகலில் இல்லை. இதுவரை எத்தனையோ நோன்பில் பகல் முழுக்கச் சிகரட் இல்லாமல் இருந்தவர்தான் அவர். "அல்லாஹ்வுக்காக விட ஏலும், எனக்காக விட ஏலாதா?" என்று ஸைனம்பு வருடா வருடம் கேட்பாள். பகலில் அடங்கிக் கிடக்கும் பூதம் மாலையில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து கழுத்தைப் பிடிப்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

இந்த முறை அவர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். தொழுகை தவறினால் களாச் செய்கிறோம். நோன்பு தவறினால் இன்னொரு நாள் பிடித்துக் களாச் செய்கிறோம். அப்படியென்றால் பகலில் தவறிய வில்லைகளையும் மாலையில் களாச் செய்துவிட வேண்டியதுதானே. ஆலிமிடமும் கேட்கவில்லை, டொக்டரிடமும் கேட்கவில்லை. தனக்குத் தானே பத்வா கொடுத்துக்கொண்டார்.

அன்று பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம், கஞ்சி, சுடச்சுட ஒரு கப் பிளேன்டி. அதன் மேல் மூன்று வில்லைகளை ஒன்றாக வாயில் போட்டார். இகாமத் சொல்லிவிட்டார்கள், தொழுகைக்கு நிற்க வேண்டும். கடகடவென்று சப்பி விழுங்கினார். ருகூவுக்குக் குனிந்தபோது விக்கல் வந்தது. நெற்றியைத் தரையில் வைக்க ஸுஜூதுக்குப் போனபோது தரை அவரை நோக்கி வந்தது. எழுந்து தள்ளாடி, கைகால் கழுவும் ஹவுளடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நெஞ்சு படபடத்தது, உடம்பு வியர்த்துக் குளிர்ந்தது. ஹார்ட் அட்டாக் என்று யாரோ சொன்னார்கள். கூட்டாளி முபீன் அவரை ஆட்டோவில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் அன்றும் அதே டொக்டர். இதயத்தில் கோளாறு இல்லை என்று பார்த்துவிட்டு, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். முனாஸ் களாக் கதையைச் சொன்னார். டொக்டர் சிரிக்கவில்லை. சிரிக்க அவருக்கும் தெம்பில்லை போலிருந்தது.

"ஐயா, தவறின மருந்து தவறினதுதான். அதைச் சேர்த்துப் போடக் கூடாது. இந்தக் குமட்டல், படபடப்பு எல்லாம் முழுசா நிண்ட பிறகு ஒவ்வொண்டாப் போடுங்க. சப்பாம. சிகரட் மட்டும் திரும்ப வேண்டாம், உங்கட கால் தாங்காது."

வெளியே நின்ற ஸைனம்பு ஓடி வந்து என்ன என்று கேட்டாள். முனாஸுக்கு வெட்கமாகப் போயிற்று. பேரப்பிள்ளைகள் கண்ட மனிதன், டொபி சப்பி விழுந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"மருந்து ஒத்துக்கல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் பின்னேரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். மஃரிப் தொழுதுவிட்டு ஸைனம்பு வந்து அவர் முன்னால் ஒரு சிகரட் பெட்டியை வைத்தாள்.

"இந்தாங்க. இதப் பத்துங்க."

"என்ன புள்ள இது? மருந்து எங்க?"

"குப்பையில போட்டுட்டன். முப்பது வருசம் சிகரட் பத்தினீங்க, ஒரு நாளும் ஹவுளடியில விழல்ல. கால் போனாப் போகட்டும், நான் பார்த்துக்கிறன். ஆள் இருந்தாக் காணும். எனக்கு இனி ஏலா."

அவளுடைய கோபங்கள் எல்லாம் அவருக்குப் பழக்கம். இந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"ஆருக்கிட்ட வாங்கின?"

"நம்மட ஊர்ல வாங்க ஏலுமா? நோன்போட பாண்டிருப்புக்குப் போய், வேலப்போடிட கடையில வாங்கின. ஆருக்கு எண்டு கேட்டாரு. எனக்குத்தான் எண்டன்."

"ஏன் அப்புடிச் சொன்ன?"

"ஒங்களுக்கெண்டு சொன்னா, விட்ட மனிசன் திரும்பத் தொடங்கிட்டாரு எண்டு கதைப்பாங்கதானே."

முனாஸால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து நொண்டிக்கொண்டே குசினிக்குப் போய், குப்பை வாளிக்குள் கையை விட்டு மருந்துப் பெட்டியை எடுத்தார். குப்பைக்குள் விழுந்தும் மூடி திறந்திருக்கவில்லை. துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மருந்துல பிழையில்ல, ஸைனம்பு. மூண்ட ஒண்டாப் போட்டுச் சப்பி விழுங்கினது நான்தான். ஒனக்கிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சி."

அவள் சிகரட் பெட்டியை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"அத நேத்தே செல்லியிருந்தா, நான் அந்தக் கடைக்குப் போயிரிக்க மாட்டனே" என்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கால் போகும் என்று சொன்ன நாளிலும் அவள் இப்படி அழவில்லை.

அழுது முடிந்ததும் அவர் கையிலிருந்த மருந்துப் பெட்டியை வாங்கி, ஒரு வில்லையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கினார்.

"வாயத் திறங்க."

திறந்தார். சின்னப் பிள்ளையின் வாயைப் பார்ப்பதுபோல வெளிச்சத்துக்கு அவர் முகத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தாள்.

"ஒண்டுதானா?"

வாயை மூடாமலே தலையாட்டினார். அவள் நம்பவில்லை, இன்னொரு முறை பார்த்தாள்.