மேற்கு வெயில்

அண்ணனைப் பல்லி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கோல் கம்பத்தில் அப்படி ஒட்டிக்கொண்டு நிற்பான். அவனுடைய அணிக்கு அன்று ஒரு டிரா போதும். தோற்றால் கீழ்ப்பிரிவு. அங்கே முப்பத்தாறு வயது கோல்கீப்பரை யாரும் சீண்ட மாட்டார்கள்.

இங்கே கால்பந்து எப்போதும் இரவு விளக்கொளியில்தான். இந்த வருடம் அமைச்சர் கிழக்கே எங்கோ போய்க் கைகுலுக்கிவிட்டு வந்தார். ஒளிபரப்பு உரிமை அந்த நாட்டுக்குப் போனது. அவர்கள் வேலை முடிந்து சோபாவில் சாயும்போது எங்களுக்கு மத்தியானம். ஆட்டமும் மத்தியானத்துக்கு வந்துவிட்டது.

குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிப்டு முடித்து, தூங்காமல் வந்து, இரண்டாம் பாதியில் அண்ணன் எப்போதும் நிற்கும் கிழக்கு கோலுக்குப் பின்னால் அண்ணியோடு உட்கார்ந்தேன். டாஸ் ஜெயித்த கேப்டன், வழக்கம்போல, இரண்டாம் பாதியில் மேற்கே இருக்கும் எங்கள் ரசிகர்களை நோக்கி ஆடும்படி பக்கம் கேட்டான்.

"லூசா இவன்? அப்போ வெயில் யார் மூஞ்சியில அடிக்கும்?" என்றார் அண்ணி.

"பழக்கதோஷம் அண்ணி. ராத்திரி ஆட்டத்துல சூரியன் ஏது?"

"உங்க அண்ணன் சொல்லலாம்ல?"

"அவனுக்கும் தோணியிருக்காது."

இரண்டாம் பாதியில், கூரையில்லாத மேற்கு மேடைக்கு மேல் சூரியன் இறங்கியது. எங்கள் பக்க கோலில் அண்ணன் நெற்றியில் கைவைத்து நின்றான். விளம்பரதாரர் தந்ததைத்தான் தலையில் போடலாம். அவர்கள் தொப்பி செய்வதே இல்லை.

அண்ணி என் தலையிலிருந்த கிடங்குத் தொப்பியைப் பிடுங்கி வீசினார். "இந்தாங்க! இதையாவது ஒழுங்கா பிடிங்க!"

பிடித்தான். முத்திரை தெரியாமல் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டான். அடுத்தடுத்து இரண்டு பந்துகளைத் தடுத்தான். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கடைசி நிமிடங்கள், ஆட்டம் இன்னும் சமநிலை. எதிரணிக்குத் தூரத்தில் ஒரு ஃப்ரீ கிக். அதற்குள் காதில் போனை வைத்தபடி ஓர் அதிகாரி கோட்டோரமாக ஓடிவந்தார். "கழட்டுங்க! தையல்ல வேற ஏதோ கம்பெனி பேரு இடம்வலமா திரும்பித் தெரியுதாம். டிவிக்காரங்க அங்கேர்ந்து கத்துறாங்க!"

கழற்றினான். பந்து சூரியனுக்குள் ஏறி மறைந்தது. அவன் பந்தில்லாத இடத்தில் தாவினான்.

வாகன நிறுத்தத்தில் தொப்பியைத் திருப்பித் தந்தான். சொட்டச்சொட்ட ஈரம்.

"டேய், உங்க கிடங்குல ஆள் எடுக்கறாங்களா?"

"எடுக்கறாங்க. குளிரு எலும்புக்குள்ள போகும்ணா."

"வெயில் வராதுல்ல?"

முன்னால் போன அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. "தொப்பி குடுப்பாங்களான்னு கேளுங்க முதல்ல."