தொட்டிக்கு மூடி

"தொட்டிக்கு மூடி போட்டுட்டு வந்திருக்கேன், தண்ணி ஆறாது. அதுக்காக உக்காந்து கதை பேசிட்டே இருக்காதே, போ" என்றார் கென்சாகு, தலையைத் துவட்டிக்கொண்டே.

அவர் மனைவி யொரிக்கோ எழுந்திருக்கவில்லை. நியூசிலாந்து போகும் விமானத்தில் ஜன்னலோரம் யாருக்கு என்ற வழக்கு அன்றைக்கும் முடிந்தபாடில்லை.

"ஜன்னல் எனக்குத்தான். இத்தனை வருஷமா ஊரையே டிக்கெட் கிழிச்சுக் கப்பல் ஏத்தி விட்டவன் நான். ஒரு தடவை நானும் வேடிக்கை பார்த்துட்டுப் போறேனே."

"கப்பல்ல ஏத்தினவரு கப்பல்ல போய் ஜன்னல் கேளுங்க. ஆகாயத்துல எனக்குத்தான்."

"சரி, குளிச்சிட்டு வா. பேசிக்கலாம்."

அவள் குளித்துவிட்டு வந்தபோது பேச ஆள் இல்லை. அடியில் கணப்பு வைத்துப் போர்வை போர்த்திய கணப்பு மேசைக்குள் காலை நீட்டி, சுவரில் சாய்ந்தபடி இருந்தார். பாதி உரித்த ஆரஞ்சு கையிலேயே இருந்தது. இதயம் நின்றுவிட்டது, என்றார் டாக்டர்.

யவத்தஹாமா ஜப்பானில் ஒரு சின்னத் துறைமுகம். செய்தி கப்பலைவிட வேகமாகப் போகும். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் அவரைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்றையே கேட்டார்கள்: "அப்போ அந்தப் படிப்பு?"

படிப்பு என்றால் ஆங்கிலம். வசந்தத்தில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இருவருமாக நியூசிலாந்தில் நெல்சன் என்ற ஊருக்குப் போய், ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, ஆறு மாதம் படிப்பதாக இருந்தது. ஆசை அவளுடையது. வேலை பார்த்த பள்ளிக்கூடச் சமையலறையில் சோறு கிளறிக்கொண்டே ஒருநாள் விளையாட்டாகச் சொன்னது அவர் காதுக்கு எட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு, ஐம்பத்தைந்து வயதெல்லாம் ஒரு வயதா என்று அந்த ஊர் மொழிப்பள்ளியில் இடம் பிடித்து வைத்தவர் அவர்தான். நாற்பத்தொன்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு நெல்சனிலிருந்து கேட்டுவிட்டார்கள்: தனியாக வருகிறீர்களா, இல்லை இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாமா?

"தனியாவா?" என்றாள் தொமோயே, கென்சாகுவின் அக்கா. "நீயா? என் வீட்டுல மூணு தடவை உபசாரம் பண்ணினாத்தான் உனக்கு ஒரு வாய் இறங்கும். அங்க ஒரு தடவைதான் கேப்பாங்க. நீ வேண்டாம்னா வேண்டாம்தான். தட்டை எடுத்து வச்சிடுவாங்க. ஆறு மாசத்துல உன் எலும்பைத் துணியில முடிஞ்சு அனுப்புவாங்க."

தொமோயே சொன்னால் அதில் விஷயம் இருக்கும். அவள் மகள் பள்ளியில் படித்த காலத்தில் டெஸ் என்ற ஆஸ்திரேலியப் பெண் ஒரு வருடம் அவர்கள் வீட்டில் தங்கிப் படித்தாள். வந்த முதல் நாளே, விருந்தாளி என்று அவளை முதலில் குளிக்க அனுப்பினார்கள். அவள் சுகமாகத் தொட்டியில் கிடந்துவிட்டு, எழுந்ததும் அடைப்பைப் பிடுங்கி வெந்நீர் முழுவதையும் ஓட விட்டுவிட்டாள். அதே தண்ணீரில் அடுத்தடுத்து இறங்க, வெளியே துண்டும் கையுமாக வரிசையில் நின்ற மூன்று பேரும் சாக்கடையில் தண்ணீர் போகும் சத்தத்தைக் கேட்டார்கள். அந்த ஊரில் அதுதான் மரியாதையாம்.

"ஒண்ணு பண்ணலாம்" என்றாள் தொமோயே. "ஒரு வாரம் எங்க வீட்டுக்கு வா. நான்தான் வெள்ளைக்கார அம்மா. அங்க எப்படியோ அப்படியே நடத்துவேன். தேறினா போ. தேறலைன்னா அந்த இடத்தைக் குடுத்துடலாம். சம்மதமா?"

அவளிடம் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத யொரிக்கோ சரி என்றாள். சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தோற்றால் போவதற்கில்லை, போகாவிட்டால் மிச்சம் இருப்பது அந்தக் கணப்பு மேசைதான்.

மலைச்சரிவில், ஆரஞ்சுத் தோட்டத்துக்கு நடுவே தொமோயேயின் வீடு. அவள் கணவர் இவாவோ வாசலிலேயே காத்திருந்தார். வெள்ளைக்கார அப்பா விருந்தாளியைக் கட்டிப்பிடித்து வரவேற்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவாகியிருந்தது. ஆயுளில் மரத்தைத் தவிர எதையும் அவர் கட்டிப்பிடித்ததில்லை. கையை விறைப்பாக நீட்டி, யொரிக்கோவின் தோளை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார்.

"என்னங்க, காய்ப்பு எப்படி இருக்குன்னா பார்க்கறீங்க?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"மன்னிச்சிடும்மா" என்றார் இவாவோ, குனிந்து வணங்கி. யொரிக்கோவும் குனிந்து வணங்கினாள். அவர் மறுபடியும் வணங்கினார்.

"குனியறதை நிறுத்துங்க ரெண்டு பேரும்!"

அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தொமோயே சுடச்சுட மீன் வடை பொரித்திருந்தாள். அந்தக் கரையோரத்தில் அதன் ருசிக்கு மயங்காத நாக்கு கிடையாது. யொரிக்கோ இரண்டு தின்றாள். "இன்னும் ஒண்ணு?" என்று கேட்டாள் தொமோயே. "ஐயோ, போதும் அக்கா" என்றாள் யொரிக்கோ, வழக்கப்படி அடுத்த உபசாரத்துக்குக் காத்துக்கொண்டு. தொமோயே தட்டை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்காத சமயம், இவாவோ கணப்பு மேசைப் போர்வைக்கடியில் ஓர் ஆரஞ்சை உருட்டிவிட்டார்.

"என்னங்க!" என்றாள் தொமோயே. "பரீட்சை எழுதற பிள்ளைக்கு லஞ்சமா?"

"வெள்ளைக்காரன் ஆரஞ்சு திங்க மாட்டானா?" என்று முணுமுணுத்தார் அவர்.

அடுத்தது குளியல். "நீ விருந்தாளி, முதல்ல போ. தொட்டிக்கு வெளியே நின்னு சோப்புப் போட்டுக் கழுவினியா, தொட்டியில இறங்கினியா, எழுந்ததும் அடைப்பைப் பிடுங்கினியா, அவ்வளவுதான். மறந்துடாதே. அடுத்தவங்க இறங்கின தண்ணியில அங்க ஒருத்தரும் இறங்க மாட்டாங்க."

யொரிக்கோ தொட்டியில் இறங்கி அன்றோடு இரண்டு மாதமாகியிருந்தது. தன் வீட்டில் நின்றபடியே நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து கென்சாகுவுக்குப் பிறகு இறங்கித்தான் பழக்கம். அவருக்கு முன்னால் எப்படி இறங்குவது என்று தெரியவில்லை. இப்போது கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து, கொஞ்சம் அழுதாள். வெந்நீரில் அழுவதில் ஒரு வசதி, முகத்தைத் தனியாகக் கழுவ வேண்டியதில்லை. எழுந்து அடைப்பின் சங்கிலியைக் கையில் பிடித்தாள். வெளியே இவாவோ இருமினார். நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கிய மனிதர். சங்கிலியை விட்டுவிட்டு, தொட்டியின் மேல் மூடியை அலுங்காமல் வைத்துவிட்டு வந்தாள்.

தொமோயே போய்ப் பார்த்தாள். "ஃபெயில்."

மறுநாளும் ஃபெயில். அதற்கு மறுநாள் வடை விஷயத்தில் கொஞ்சம் முன்னேற்றம்; "போதும்" என்று சொல்லிவிட்டு, தட்டு நகரும்போது அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "இது எந்த ஊர் மரியாதைடி?" என்றாள் தொமோயே. ஆனால் விட்டுக் கொடுத்தாள். குளியலில் மட்டும் ஒவ்வொரு நாளும் மூடிதான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். ஆறு நாளாகியும் நோய் தீரவில்லை. தொமோயே ஒவ்வொரு நாளும் "ஃபெயில்" என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி வருவதை யொரிக்கோ பார்க்காமல் இல்லை.

கடைசி நாள். தட்டில் ஒரே ஒரு வடை மிச்சம். தொமோயே வாயைத் திறப்பதற்குள் யொரிக்கோ கையை நீட்டினாள்.

"இது எனக்கு."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே!"

"கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவேன் அக்கா. அதான் முந்திக்கிட்டேன்."

இவாவோ சிரித்ததில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

குளித்துவிட்டு வந்து தொமோயேயின் எதிரில் உட்கார்ந்தாள். "அடைப்பைப் பிடுங்கலை" என்றாள்.

"அப்போ தோத்துட்டே. போகக் கூடாது."

"போறேன்."

தொமோயே நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளிடம் யொரிக்கோ மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

"அந்த ஊர் வீட்டுல அடைப்பைப் பிடுங்கறேன். தினம் பிடுங்கறேன். இங்க முடியாது. எனக்குப் பின்னால அண்ணா இருக்காரு, நீங்க இருக்கீங்க. தண்ணியைச் சாக்கடையில விட்டுட்டு உங்க முகத்தை எப்படிப் பார்ப்பேன்? இதுல நீங்க ஃபெயில் போட்டா போட்டுக்குங்க. ஆனா நான் போறேன் அக்கா."

இவாவோ ஓர் ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினார், எதற்கும் இருக்கட்டும் என்று.

"எனக்கு மனசு கேக்கலைடி" என்றாள் தொமோயே கடைசியில். "தம்பியும் போயிட்டான். நீயும் கிளம்பிட்டா அந்த வீட்டு வாசல்ல நின்னு நான் யாரைக் கூப்பிடறது? நீ ஃபெயிலாகணும்னுதான் வேண்டிக்கிட்டேன். வடை கூடத் தினம் ஒண்ணு அதிகமாப் போட்டுப் பொரிச்சேன், தட்டைப் பறிக்கறதுக்குன்னே."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஃபெயில்னு சொல்றப்ப உங்க முகம் எத்தனை சந்தோஷமா இருந்துச்சு!"

தொமோயே அவள் முழங்கையில் ஓர் அடி வைத்தாள். பிறகு மூக்கைச் சிந்தி, "ஆறு மாசம்தானே?" என்றாள்.

"ஆறு மாசம்தான்."

"அங்கேயே ஒரு வெள்ளைக்காரனைப் பிடிச்சுக்கிட்டு நின்னுடாதே."

"மரத்தைக் கட்டிப்பிடிக்கறவனா பார்த்துச் சொல்றேன்."

"ஏம்மா" என்றார் இவாவோ ஆரஞ்சை நீட்டிக்கொண்டே, "விமானத்துல எந்தப் பக்கம் உனக்கு?"

யொரிக்கோ ஆரஞ்சை வாங்கிக்கொண்டாள். "ஜன்னல்" என்றாள். "கேட்டு வாங்கிக்கறேன்."

அடுத்து இவாவோ குளித்துவிட்டு வந்தார். வெகுநேரம் உள்ளே இருந்தார். மனைவி அழுது முடிக்கட்டும் என்று இருந்திருப்பார். பிறகு தொமோயே போனாள். மூடியை நகர்த்தும் ஓசையும், அவள் இறங்கியதும் தண்ணீர் விளிம்பு தாண்டி வழியும் ஓசையும் கேட்டன.

"ஏய் யொரிக்கோ!" என்று கதவுக்கு அப்பாலிருந்து கத்தினாள். "இன்னும் சுடுதுடி!"