ஜுனைதீன் முதலாளி வாசித்த புத்தகங்கள்

பதினோராங்கட்டை வாசிகசாலைக்குக் கம்பியூட்டர் வரப்போகிறது என்று தெரிந்த கிழமையே கூரை ஒழுகுவது நின்றுபோனது. அற்புதம் ஒன்றும் இல்லை. கூரையைத் திருத்தித் தாருங்கள் என்று நூலகர் ஸித்தி ஸுபைதா உள்ளூராட்சிச் சபைக்கு எழுதாத மாதம் கிடையாது. காசில்லை என்று பதில் வராத மாதமும் கிடையாது. கம்பியூட்டர் நனைந்துவிடும் என்றதும் காசு வந்தது, தகரம் வந்தது, தகரம் அடிக்க ஆளும் வந்தான். அதுவரை நனைந்ததெல்லாம் வெறும் புத்தகங்கள்தானே. அவற்றுக்கு மேலிடத்தில் யாரைத் தெரியும்?

பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகிற பாதையில், பஸ் நின்று மூச்சு வாங்குகிற ஒரு வளைவுதான் பதினோராங்கட்டை. அதை நகரம் என்று சொல்கிறவர்கள் சபைக்காரர்கள் மட்டுமே. ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளிவாசல், ஒரு கோயில், ஒரு தபாற்கந்தோர், அதன் முதுகில் வாசிகசாலை. சுற்றிலும் தேயிலை, தேயிலைக்குள் ஆயிரக்கணக்கில் சனம். ஆனால் சபையின் கண்ணுக்கு அந்தச் சனம் தெரியாது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயங்கள் சபைக்கு வீட்டுவரி கட்டுவதில்லை. வீட்டுவரி இலக்கம் இல்லாதவர் வாசிகசாலையில் அங்கத்தவராக முடியாது. அந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் எப்போதோ மவுத்தாகிவிட்டார். சட்டம் மட்டும் ஒரு காய்ச்சல் தலைவலி இல்லாமல் நன்றாக இருந்தது.

ஸுபைதா சட்டத்தை உடைக்கிற பெண் அல்ல. கொஞ்சம் வளைப்பாள், அவ்வளவுதான். கடைத்தெருவில் சில்லறைக்கடை வைத்திருந்த ஜுனைதீன் முதலாளிக்கு வீட்டுவரி இலக்கம் இருந்தது, ஆகவே வாசிகசாலை அட்டையும் இருந்தது. அந்த மனிதர் வாழ்நாளில் ஒழுங்காக வாசித்தது கருவாடு சுற்றுகிற பத்திரிகைத் தாளைத்தான். அதிலும் செய்தியின் மறுபாதி வேறு யாருடைய கருவாட்டோடோ போயிருக்கும். அவருடைய அந்த ஒற்றை அட்டையில்தான் மேல் தோட்டம், கீழ்த் தோட்டம் இரண்டும் வாசித்துக்கொண்டிருந்தன. ஸுபைதா முதலாளி பெயரில் பதிந்து புத்தகங்களைக் கடைக்கு அனுப்புவாள். சனிக்கிழமை சாமான் வாங்க வருகிறவர்களின் பையில் அரிசி, மா, கருவாட்டோடு அவையும் ஏறிவிடும். திரும்பி வருகிறபோது காதல் நாவலும் கருவாடு மணக்கும், கணிதப் புத்தகமும் கருவாடு மணக்கும். முதலாளி இதைப் புண்ணியத்துக்குச் செய்தார் என்று எழுதினால் அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். புத்தகம் மாற்ற வருகிறவன் சீனி வாங்க வேறு கடைக்கா போவான்?

கம்பியூட்டர் எண்பத்தாறாம் ஆண்டு வந்து இறங்கியது. கொழும்பில் ஏதோ ஒரு கம்பெனிக்கு அலுத்துப்போய், அன்பளிப்பு என்று பெயர் மாற்றி அனுப்பிய பெட்டி. அதற்குக் குளிர் வேண்டும், தூசி ஆகாது, சத்தம் ஆகாது என்றார்கள். ஆகவே பத்திரிகை வாசிக்கிற அறையிலிருந்து மனிதர்களை வெளியேற்றி அதைக் குடிவைத்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று பலகை. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் அடுத்தபடியாக ஊரில் செருப்புக் கழற்றுகிற இடம் அதுதான்.

பெட்டியோடு ஷுக்ரி என்ற நிபுணரும் வந்தார். கழுத்தில் டை, கையில் சிறு சதுரத் தட்டுகள். அந்தத் தட்டுக்குள்தான் வாசிகசாலையை நடத்துகிற புரோகிராம் இருக்கிறதாம். புரோகிராமுக்குத் தமிழ் தெரியாது, சிங்களமும் தெரியாது. ஆகவே பதினோராங்கட்டையின் தமிழ்ப் புத்தகங்களையெல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டச் சொன்னார். ஸுபைதா தட்டினாள். புத்தகங்கள் முடிந்ததும், கடந்த ஒரு வருஷத்தில் யார் யார் எதை எடுத்தார்கள் என்பதையும் தட்டச் சொன்னார். அதையும் தட்டினாள். இரும்புப் பெட்டிதானே, போட்டதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் என்று நினைத்துவிட்டாள் பாவி. அது உட்கார்ந்து கணக்குப் பார்த்து ஊருக்கெல்லாம் கோள் சொல்லும் என்று யார் கண்டது?

நடுவில் ஒருநாள் ஜெயலெட்சுமி வந்தாள். மேல் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அவளே ஏழு மாதம். முதல் பிள்ளை பிறந்த கிழமையே போய்விட்டது. அதனால் இந்தத் தடவை பிரசவப் புத்தகம் ஒன்றை ஜுனைதீன் முதலாளி அட்டையில் எடுப்பதும் கொடுப்பதும் மறுபடி எடுப்பதுமாக இருந்தாள்.

"புது மிஷின் வந்திருக்காமே மிஸ். இனியாச்சும் எம்பேர்லயே ஒரு அட்டை போட்டுத் தருவீங்களா?"

ஸுபைதா ஷுக்ரியைப் பார்த்தாள். அவர் பெரிய மனதோடு தாமே உட்கார்ந்து அவளுடைய பெயரைத் தட்டினார். இயந்திரம் வீட்டுவரி இலக்கம் கேட்டது.

"லயத்துக்கு ஏதுங்க வரி நம்பர்? கடைசிக் காம்பரான்னு போட்டுக்கங்களேன்."

இயந்திரம் கீச்சென்று கத்தியது. ஷுக்ரி மறுபடி தட்டினார். மறுபடி கத்தியது.

"ஒண்ணும் செய்ய ஏலாது. நம்பர் இல்லாட்டி மிஷினுக்கு ஆள் இல்ல" என்றார் ஷுக்ரி, ஏதோ விஞ்ஞான உண்மையைக் கண்டுபிடித்த மாதிரி.

"அப்ப நான் இல்லீங்களா?" என்று தன் வயிற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஜெயலெட்சுமி போய்விட்டாள். ஸுபைதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய சட்டத்தையாவது வளைக்கலாம். இந்தச் சனியன் வளையவும் மாட்டேன் என்கிறதே.

திறப்புவிழாவுக்கு முந்தின வாரம் இடி விழுந்தது. கடந்த ஒரு வருஷத்தில் அதிகம் வாசித்தவர் யார் என்று ஷுக்ரி ஒரு பொத்தானை அமுக்க, இயந்திரம் யோசிக்காமல் ஜுனைதீன் முதலாளி என்றது. சும்மா இல்லை, அவருக்கு அடுத்தபடி வந்த பள்ளிக்கூட அதிபரை மண் கவ்வ வைத்துவிட்டு முதலிடம். சபைத் தலைவரான தவிசாளருக்குத் தலைகால் புரியவில்லை. ஊவா மாகாணத்திலேயே இப்படி ஒரு வாசகர் உண்டா, மேடையேற்றுங்கள், பரிசு கொடுங்கள் என்று குதித்தார். பரிசாக ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்கிற தலையணை மொத்த அகராதி ஒன்றும் பதுளையிலிருந்து வந்து சேர்ந்தது.

ஸுபைதா கடைக்கு ஓடினாள். முதலாளியை அவள் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, மேடையில என்ன கேட்டாலும் எல்லாம் நல்ல புத்தகம்னு சொல்லிட்டு எறங்கிடுங்க. அட்டையை மத்தவங்களுக்குக் குடுத்தது வெளிய வந்தா அட்டை ரத்து. என் வேலையும் போயிரும். தோட்டத்துக்கு ஒரு புத்தகமும் போகாது."

"தங்கச்சி, எனக்கு மேடைய கண்டாலே கால் நடுங்கும்" என்றார் முதலாளி. "பொய் வேற சொல்லணுமா?"

"தராசுல நடுங்காத கைதானே நானா."

முதலாளி முறைத்தார். ஆனால் வருகிறேன் என்றார்.

விழா நாளில் வாசிகசாலை முற்றத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். நாற்காலிகளில் கடைத்தெரு உட்கார்ந்திருந்தது. தோட்டத்துச் சனத்துக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இடம் தாராளமாக இருந்தது, நிற்பதற்கு. முன்வரிசையில் முதலாளியின் மனைவி ஸகீனா, பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத பட்டுச் சேலையில். கலியாணமாகிப் பதினேழு வருஷத்தில் பிள்ளை இல்லை. அதைப் பற்றிக் கருத்துச் சொல்லாத வாய் அந்தத் தெருவில் இல்லை. அன்றைக்காவது தன் புருஷனுக்கு மாலை விழுவதைப் பார்க்கலாம் என்று தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

தவிசாளர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். விஞ்ஞானம் பதினோராங்கட்டைக்கு நடந்து வந்ததாகச் சொன்னார். பிறகு முதலாளிக்கு மாலை போட்டு அகராதியைக் கையில் திணித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். விடுவாரா?

"நம்முடைய முதலாளி என்னென்ன வாசிச்சார்னு மிஷினே சொல்லட்டும்!"

உள்ளே அச்சுப்பெட்டி மரம் அறுக்கிற சத்தத்தில் கத்தித் தீர்த்தது. ஷுக்ரி நீளத் தாளோடு வந்து, ஆங்கில எழுத்தில் கிடந்த தமிழை எழுத்துக் கூட்டி வாசித்தார். எழுத்தில் கவனம் இருந்ததால் பொருளில் கவனம் இல்லை. தச்சுவேலை, தையல், மர்ம நாவல் என்று போனவரை கூட்டம் கைதட்டியது. முதலாளிக்கு எத்தனை ஆர்வம் பாருங்கள் என்று ஒருவர் வியந்தார்.

"பிரசவ காலப் பராமரிப்பு. பிரசவ காலப் பராமரிப்பு. கைக்குழந்தை வளர்ப்பு. பிரசவ காலப் பராமரிப்பு."

கைதட்டல் நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தான். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"லுணுகலைக்குச் சாமான் எடுக்கப் போறேன் போறேன்னு போறது இதுக்குத்தானா மொதலாளி? அங்க எத்தன புள்ள?"

கொட்டகையே சிரித்தது. ஸகீனாவின் முகத்தில் இரத்தமே இல்லை. ஸுபைதாவுக்குப் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. முதலாளி தெருவுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும்: அது என் புத்தகம் இல்லை, தோட்டத்துப் பெண்ணுடையது. அதைச் சொன்னால் முதலாளியின் மானம் தப்பும், வீடு தப்பும். கையில் அகராதியோடு அவர் முதலில் மனைவியைப் பார்த்தார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே ஜெயலெட்சுமி இரண்டு கையாலும் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒலிவாங்கி இரைந்தது. முதலாளி தொண்டையைச் செருமினார்.

"ஓம். எல்லாம் நான்தான் வாசிச்சேன். ஆம்பிள வாசிக்கக் கூடாதுன்னு சட்டத்துல இரிக்கா?"

சொன்னார், இறங்கினார். ஸகீனா அதற்கு முன்பே எழுந்து போய்க்கொண்டிருந்தாள். ஸுபைதா பின்னால் ஓடினாள். ஆனால் வேலிப்படலில் ஜெயலெட்சுமி முந்திக்கொண்டு, ஸகீனாவின் வழியை மறித்து நின்றாள். தாளில் சுற்றிய புத்தகத்தைப் பிரித்து நீட்டினாள்.

"மொதலாளியம்மா, இதுங்க அந்தப் புத்தகம். எனக்காக எடுத்ததுங்க. எம்பேருக்குக் குடுக்க மாட்டாங்க. அவரைத் தப்பா நெனைக்காதீங்க, கும்பிடுறேன்."

ஸகீனா புத்தகத்தைப் பார்த்தாள். அது கருவாடு மணந்தது, தன் கடைக் கருவாடு. பிறகு அந்த வயிற்றைப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள்.

"எத்தினாம் மாசம்?"

"எட்டுங்க."

ஸகீனா சேலையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். தன்னோடு இனிப் பேசுவாளா, சபைக்குப் போய்ச் சொல்வாளா என்று ஸுபைதாவுக்குத் தெரியவில்லை. சொல்வதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

நிபுணர் ஷுக்ரி கொழும்புக்குப் புறப்படுமுன் ஊருக்கு இன்னொரு உபகாரம் செய்தார். ஒரே ஆள் இத்தனை புத்தகத்தை ஒரே நேரத்தில் வைத்திருப்பது ஒழுங்கில்லையாம். இனி ஓர் அட்டைக்கு இரண்டு புத்தகம்தான், மூன்றாவதைத் தட்டினால் இயந்திரம் கத்தும் என்று புரோகிராமில் எழுதிவைத்து, எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டுப் போனார். இரண்டு தோட்டத்துக்கு இரண்டு புத்தகம். தோட்டத்துக்கு ஒன்று! ஸுபைதா இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து அதை வாயில் வந்தபடி திட்டினாள். நல்லவேளை, அதற்குத் தமிழ் தெரியாது.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தபோது ஸகீனா வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். மேசையில் வீட்டுவரிப் பற்றுச்சீட்டை வைத்தாள்.

"எனக்கொரு அட்டை போடுங்க."

ஸுபைதா பற்றுச்சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க வாசிப்பீங்களா ராத்தா?"

"எங்கட மனுசன் வாசிக்கிற மாதிரி வாசிப்பேன்." ஸகீனாவின் குரல் கடுகடுவென்று இருந்தது. "அவரோட நான் இன்னும் பேசல்ல. சோறு மட்டும்தான் போடுறேன். எனக்கு முன்னுக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த முன்வரிசைக் கதிரையில நான் அப்பிடிச் செத்திருப்பேனா? ஊர் முழுக்கச் சிரிச்சுதே, புள்ள இல்லாதவள்னு! ஒங்களுக்கும்தான் சொல்றேன். கடையில பார்சல் கட்டுறது யாரு, நானா அவரா? புத்தகத்த மட்டும் எனக்கு ஒளிச்சுப் போடணுமா, என்கிட்ட சொல்ல என்ன கேடு?"

ஸுபைதா தலையைக் குனிந்துகொண்டாள். நியாயமான கேள்வி.

"சரி, தட்டுங்க. பின்னால ஆள் இரிக்கி."

ஸுபைதா எட்டிப் பார்த்தாள். படியில் தையற்கடை றஷீனா நின்றாள், அவளுக்குப் பின்னால் இரும்புக்கடைக்காரர் மனைவி, பேக்கரிக்காரர் வீட்டு மருமகள்மார் இருவர். எல்லோர் கையிலும் வரிப் பற்றுச்சீட்டு. வாசிகசாலை எந்தப் பக்கம் என்று நேற்றுவரை தெரியாத கடைத்தெரு, செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றது. அடுத்த பரிசு யாருக்கு என்று தவிசாளர் திண்டாடப்போகிறார்.

ஸுபைதா ஸகீனாவின் பெயரைத் தட்டினாள். வீட்டுவரி இலக்கத்தைத் தட்டினாள். இயந்திரம் கத்தவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நம்பர் இருந்தது, ஆகவே ஆள் இருந்தது.

"மொதல் புத்தகம் என்ன எடுக்கிறீங்க ராத்தா?"

"அதான், அந்தப் பிரசவப் புத்தகம். தவண முடியுதுன்னு அந்தப் புள்ள நேத்துத்தான் கடையில கொண்டாந்து குடுத்துச்சு" என்று ஸகீனா பையிலிருந்து அதை எடுத்து மேசையில் போட்டாள். "இத எம்பேருக்கு மாத்துங்க. மாத்திட்டு நல்ல வெள்ளத் தாளா ஒண்ணு தாங்க, சுத்தணும். மாசமா இரிக்கிற புள்ளைக்குக் கருவாட்டு மணம் ஏலாது."