கேகாலையில் கேட்காத அலை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பேராதனையில் பௌதிகவியல் படித்தபோது, சிற்றலை வானொலியின் அலை எங்கே போய் இறங்கும் என்று கணினியில் கணிப்பதை இறுதியாண்டு ஆய்வாக எடுத்தேன். விஞ்ஞான ஆர்வம் என்று விரிவுரையாளரிடம் சொன்னேன். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. அப்பாவின் கேள்வி ஒன்றுக்குப் பதில் வேண்டியிருந்தது.

2

"தரைக்கு நூறு கிலோமீட்டர் மேலே, சூரிய ஒளி காற்றின் அணுக்களை…" (வேண்டாம், பரீட்சை விடை.)

"கேகாலை மாவட்டத்தில், அரநாயக்கப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் இருளப்பன் என்றொரு பால்வெட்டுகிறவர்…" (பெற்ற அப்பாவை 'என்றொரு' என்று எழுதக் கை வரவில்லை.)

நேராகவே சொல்கிறேன். அம்மா விஜயகலா 1994இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அந்த வீட்டில் கடிதங்களைக் கையில் கொடுக்கமாட்டார்கள், சமையலறையில் ரேடியோ மட்டும் உண்டு என்று திரும்பி வந்த ஒருத்தி சொன்னாள். கொழும்பிலிருந்து மத்திய கிழக்குக்குப் போன சிற்றலை நிகழ்ச்சியொன்றில் குடும்பத்தாரின் கடிதங்களை வாசிப்பார்கள். இரண்டு வருட ஒப்பந்தம் முடியுமுன் அப்பா அதற்கு எழுதிப் போட்டார்: "கூரை ஒழுகினா ஒழுகட்டும். நீ வந்துரு."

வாசிக்கும் தேதி தபாலட்டையில் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை மாலை தோட்டத்து வரிசை வீடுகளான லயமே எங்கள் வாசலில் கூடியது. கேகாலை மஹ்ரூப் நானா கடையில் வாங்கிய ரேடியோ அரை மணிநேரம் இரைந்தது, அவ்வளவுதான். வாசிக்கவில்லை என்று முடிவுகட்டினோம். அப்பா வீம்பில் மறுபடி எழுதவேயில்லை. அம்மா இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைத்தார்.

3

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: சிற்றலை மேலேறி, வானத்தின் மேலடுக்கான அயனமண்டலத்தில் வளைந்து, வெகுதூரத்தில்தான் தரையிறங்கும். இடையிலுள்ள ஊர்களைத் தாண்டிவிடும். குவைத்துக்கு அனுப்பியது கேகாலையில் கேட்காது. இதைப் படித்த அன்று விரிவுரை மண்டபத்திலேயே அழுதுவிட்டேன்.)

விடுமுறையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்:

"அப்ப, அவளுக்குக் கேட்டிருக்குமா?"

4

கொழும்பு, குவைத், அந்த மாதம், அந்த மணி, அந்த வருடம் சூரியனில் இருந்த கரும்புள்ளிகள் எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்தேன். அது தனியொரு நாளைப் பற்றிப் பேசாது, மாதத்தைப் பற்றித்தான் பேசும். பாதி நாட்கள் கேட்டிருக்கும் என்றது. மற்ற நாட்களில் அலை வளையாமல் வானத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

ஆக முடிவு இரண்டு. அம்மாவுக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டது, கேட்டும் கையெழுத்து வைத்தார். இரண்டாவதை எழுதிக் கிழித்துப்போட்டேன். எழுதும்போதே அம்மா மேல் கோபம் வந்தது, அந்தக் கோபத்தைப் பார்த்து எனக்கே பயம் வந்தது.

அம்மாவிடமே கேட்கலாமே என்பீர்கள். 1998இல் வந்துவிட்டார். இப்போது, 2004இல், உள்ளே ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கடிதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமலிருப்பது இரண்டு முடிவுக்கும் பொருந்துகிறது.

5

நேற்று அப்பாவிடம் கணினி வரைந்து தந்த தாளைக் காட்டி, பாதி நாட்கள் என்றேன். கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"போதும்மா. கேக்காத பாதியில நா இருந்துக்கிறேன்."

இதற்கு மேல் எனக்கு எழுத வராது. தெரிந்தே ஆகவேண்டுமென்றால் நீங்கள் உள்ளே போய்க் கேளுங்கள். அப்பாவும் நானும் வெளியே நிற்கிறோம்.