மீசைக்கு இடமில்லாத முகமூடி

வீட்டில் அவள் மருமகள், வேலையிடத்தில் மேடம். "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மாமா" என்று காலையில் பரிமாறிய அதே வாய்தான், கொஞ்ச நேரம் கழித்து "மேஸ்திரி, மாஸ்க் எங்கே?" என்று அதட்டும். இந்தக் கொடுமை எந்த மாமனாருக்கும் வரக்கூடாது என்று மேஸ்திரி பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார். புலம்பும்போது முகத்தில் வழிந்த பெருமையைத்தான் மறைக்கத் தெரியவில்லை.

பழைய நூலகக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை. கூரைக்கு அடியில் அடித்திருந்த பலகைகளைச் சோதனைக்கு அனுப்பியதில், அவற்றில் கல்நார் இருப்பது தெரிந்துவிட்டது. கல்நார் என்றால் நம் ஆஸ்பெஸ்டாஸ்தான். சும்மா விட்டால் சாது. உடைத்தால், கண்ணுக்குத் தெரியாத இழைகளாகப் பறந்து நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பல வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு ஆளையே தின்னும். அதனால் சட்டம் கறாராக இருந்தது. அறையைச் சுற்றிலும் பிளாஸ்டிக் விரிப்பு கட்டி மூட வேண்டும். பலகையை நனைத்து, உடையாமல் திருகாணியைக் கழற்றி இறக்கி, இரட்டை உறையில் போட்டுக் கட்ட வேண்டும். வெளியே வரும்போது குளித்துவிட்டு வர வேண்டும். உள்ளே போகிறவரின் முகமூடி, முகத்தோடு காற்றுப் புகாமல் ஒட்டியிருக்க வேண்டும். அதைக் கவனிக்கத்தான் மருமகளைப் பாதுகாப்பு அதிகாரியாக அனுப்பியிருந்தார்கள்.

மேஸ்திரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசி விதியில்தான் வில்லங்கம். அவருடைய மீசை மூக்குக்குக் கீழே புறப்பட்டு, இரண்டு கன்னத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, காதுக்குப் பக்கத்தில் போய் இளைப்பாறும் மீசை. அதன்மேல் எந்த முகமூடி ஒட்டும்?

அழகுக்காக வளர்க்கிறார் என்று ஊரே நினைத்தது. பாதி உண்மை. மீதிப் பாதி வீட்டில் தவழ்ந்து, நடந்து, இப்போது ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய பேத்திக்குத் தாத்தாவின் மீசை நுனியைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். பொம்மை, தாலாட்டு, ஒன்றும் எடுபடாது. மீசை போய்விட்டால் குட்டி தன்னை யாரோ என்று ஒதுக்கிவிடுவாள் என்பதுதான் அவருடைய பயம். இதை நாலு பேரிடம் சொல்ல முடியுமா? எத்தனையோ மாடிகளை இடித்துத் தள்ளிய மனுஷன் ஒரு வாண்டுக்குப் பயப்படுகிறார் என்றால் சிரிப்பாய்ச் சிரித்துவிட மாட்டார்களா?

முகமூடிச் சோதனை ஆரம்பமானது. முகமூடியை மாட்டிய ஆளின் தலைமேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டைக் கவிழ்த்து, அதற்குள் கசப்பு மருந்தைப் பீய்ச்சுவாள் மருமகள். கசப்பு தெரிந்தால் எங்கோ சந்து இருக்கிறது என்று அர்த்தம். தடிமனான மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் 'கண்ணாடி' என்றே பேர்பெற்ற தொழிலாளி முதலில் தேறினான். மற்றவர்களும் தேறினார்கள். மேஸ்திரியின் முறை வந்தது.

"கசக்குதா?"

"இல்ல மேடம்."

இன்னொரு தடவை பீய்ச்சினாள். கஷாயம் குடித்த பிள்ளை மாதிரி அவர் கண் இடுங்கியது.

"இப்போ?"

"ஆகா, தேன் மாதிரி இருக்கு!"

"மாஸ்க் சரியா இருந்தா எந்த ருசியுமே தெரியக்கூடாது மேஸ்திரி."

கூடியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேஸ்திரி விடவில்லை. எண்ணெய் தடவி மீசையைப் படிய வைத்தார். மடித்து மூக்குக்கு அடியில் ஒளித்துப் பார்த்தார். கடைசியில் பார்சல் கட்டும் டேப்பை எடுத்துக் கன்னத்தோடு ஒட்டினார். அதைப் பிய்த்தபோது அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிண்ணே?" என்றான் கண்ணாடி.

மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. "மீசையோட உள்ள விட முடியாது. நீங்க வெளியில நில்லுங்க. உள்வேலையைக் கண்ணாடி பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

மேஸ்திரி வாசற்படியில் போய் உட்கார்ந்தார். "உள்ள ஒரே புழுக்கம். அதான் காத்தாட வந்தேன்" என்று கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொன்னார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற கதைதான். உள்ளே தன் ஆட்கள் தான் இல்லாமல் ஆயத்தமாவதைக் கேட்கக் கேட்க அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

கையில் இரண்டு டீயோடு மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றை நீட்டினாள். மேடம் உள்ளேயே தங்கிவிட்டாள் போலிருந்தது.

"குட்டிக்காகத்தானே மாமா?"

அவர் டீயை வாங்கிக்கொண்டார். "தெரிஞ்சுமா இந்தப் பாடு படுத்துற? அவ தூங்கலன்னா நீதாம்மா முழிச்சிருக்கணும்."

"முழிச்சிருந்துட்டுப் போறேன்." கொஞ்சம் தயங்கினாள். "அவ மீசையப் பிடிச்சுக்கிட்டே தூங்கிப் போறாளே, அப்புறம் அந்தக் கைய என்ன பண்றா, பாத்திருக்கீங்களா?"

பார்க்காமலா? தினமும் ரசித்துப் பார்க்கிற காட்சி அது. மீசையை விட்ட கையை அப்படியே வாய்க்குக் கொண்டுபோய் விரல் சப்புவாள்.

மீசையில் படிகிற தூசியும் அந்தக் கையோடு வாய்க்குள் போகுமே! மேஸ்திரி டீயைக் கீழே வைத்துவிட்டு மீசையைத் தொட்டுப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. அவ பொறந்ததுலேருந்து நீங்க இறக்கினதெல்லாம் ஓட்டுக் கூரைதான், கல்நார் இல்லன்னு விசாரிச்சுட்டேன். நான் இனிமேலுக்குச் சொல்றேன்" என்றாள். "எனக்கு அவளும் வேணும், நீங்களும் வேணும் மாமா."

மேஸ்திரி எழுந்து எதிர்ச்சாரியில் இருந்த சலூனுக்குள் நுழைந்தார். நெசமாகத்தானா என்று சலூன்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"கை நடுங்காம எடுய்யா. நடுங்குறதுக்குத்தான் நான் இருக்கேனே."

திரும்பி வந்தவரைக் கண்டு கண்ணாடிக்குக்கூடக் கிண்டல் வரவில்லை. மறுபடி கூண்டு, மறுபடி மருந்து. ஒரு ருசியும் தெரியவில்லை. உள்ளே போய், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல ஒவ்வொரு பலகையாக இறக்கினார். ஒன்றுகூட விரிசல் விடவில்லை. ஆனால் குளித்துவிட்டு வெளியே வந்ததும் குட்டியைப் பற்றிய பழைய பயம் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். "அவரு வேலைக்குப் போயிருக்காருங்க. அப்புறமா வாங்க."

"வெளையாடாதடி!"

"குரல் மட்டும் எங்க வீட்டுக்காரர் குரல் மாதிரியே இருக்கு" என்று வழிவிட்டாள்.

அவளுடைய சேலைக்குப் பின்னாலிருந்து பேத்தி எட்டிப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. ஓவென்று அழுதுகொண்டே உள்ளே ஓடிப் போனாள். பின்னாலேயே வந்த மருமகள் செருப்பைக் கழற்றவும் மறந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். மேஸ்திரி அப்படியே சுவரோரமாகத் தரையில் சரிந்தார். குட்டியைக் கூப்பிடவும் துணிச்சல் இல்லை. பயந்தது பயந்தபடியே நடந்துவிட்டது. மனசு விட்டுப் போயிற்று.

அழுகை ஓய்ந்தபின் குட்டி மெதுவாக வந்தாள். தூர நின்று பார்த்தாள். கிட்டே வந்து பார்த்தாள். மடியில் ஏறி, மூக்குக்குக் கீழே விரலால் தடவினாள். கன்னத்தில் தேடினாள். காதுக்குப் பின்னாலும் தேடினாள். சட்டைப்பையையும் விடவில்லை. எங்கும் கிடைக்காமல் போகவே பெருமூச்சு விட்டு, வெறும் உதட்டின்மேல் தன் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள்.

மேஸ்திரி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். பெற்ற மகனைக்கூட அவர் மீசை வழியாகத்தான் முத்தமிட்டிருக்கிறார். பிள்ளையின் கன்னம் இத்தனை மெத்தென்று இருக்கும் என்று இந்த வயசு வரைக்கும் அவருக்குத் தெரியாது. கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கையை எடுத்தால் குட்டி விழித்துக்கொள்வாளே என்று வழிய விட்டார்.

மருமகள் குனிந்து கிசுகிசுத்தாள். "வேலை முடிஞ்சதும் மறுபடி வளத்துக்கலாம் மாமா."

"எதை?" என்றார் மேஸ்திரி.